மாஸ்டர் இடுப்பு நாற்பத்திரண்டு

எல்லாரும் கொஞ்சம் தளர்வா உக்காருங்கப்பா. இடுப்பைப் பத்தி ஒரு கதைன்னு சொன்னதுமே இங்கே எத்தனை பேர் வயித்தை எக்கினீங்கன்னு பார்த்துட்டேன். விட்ருங்க, மூச்சு முட்டிடப் போகுது. இது உங்க இடுப்பு இல்லை. எங்க தெரு டெய்லர் மாஸ்டர் இடுப்பு.

கீழே கடை, மேலே வீடு. நடுவுல பதினாலு படி. அந்தப் படியை ஏறி இறங்கறதுதான் மாஸ்டருக்குத் தெரிஞ்ச ஒரே உடற்பயிற்சி. அதுவும் அதிகம்னு, காபியைப் பையில வெச்சுக் கயித்துல இறக்கச் சொல்ற ஆளு அவரு.

கட்டிங்கும் தையலும் மாஸ்டர். பட்டன் நுழையற காஜா, கொக்கி, பட்டன், ஓரம் மடிக்கிறது எல்லாம் அவர் வீட்டுக்காரம்மா. துணியோ பேச்சோ, மாஸ்டர் வெட்டிக்கிட்டே இருப்பாரு. அந்தம்மாதான் முடிப்பாங்க.

நமக்கெல்லாம் பேண்டு டைட்டானா தொப்பை வந்துடுச்சுன்னு தெரியும். டெய்லருக்கு அந்த அறிவிப்பே வராது. மாஸ்டர் தன் பேண்டுல மட்டும் பின்பக்கத் தையலுக்குள்ள தாராளமா துணி விட்டுத் தைப்பாரு. இறுக்கினா பிரிச்சு அரை அங்குலம் விட்டுக்குவாரு. அவர் கணக்குல அவர் குண்டாகவே இல்லை. துணிதான் சுருங்குது.

எல்லாம் நல்லாத்தான் போச்சு, மாஸ்டரோட அண்ணன் தன் கடைக் கட்டிங் மேஜை மேலயே சரியற வரைக்கும். அவரும் டெய்லர்தான். நெஞ்சுல அடைப்பு. ரத்தக்குழாய்க்குள்ள ஸ்டென்ட்டுன்னு ஒரு கம்பி வலை வெச்சுப் பிழைக்க வெச்சாங்க. அண்ணனைப் பார்த்துட்டு வந்த மறுநாளே அந்தம்மா மாஸ்டரை டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க. அப்புறம் மாஸ்டரைப் பார்த்தாங்க. மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தாங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு போல.

"மாஸ்டர், கோட்டுக்கு லைனிங் வைப்பீங்கல்ல?"

"லைனிங் இல்லாம கோட்டு ஏது டாக்டர்."

"ரத்தக்குழாய்க்கும் உள்ளே ஒரு லைனிங் இருக்கு. ரொம்ப மெல்லிசு. பிரஷர், சர்க்கரை, சிகரெட்டு எல்லாம் அதைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். தேய்ஞ்ச இடத்துல கெட்ட கொழுப்பு லைனிங்குக்கு அடியில புகுந்துடும்."

"அழுக்கு சேர்ற மாதிரியா?"

"அழுக்குன்னா அலசி விட்ரலாமே. இது லைனிங்குக்கும் துணிக்கும் நடுவுல. கொழுப்பைத் தூக்கிட்டுப் போக உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்பும். அதுங்க வந்து தின்னும். தின்னு தின்னு வீங்கி அங்கேயே செத்துக் கிடக்கும். அதைச் சரி பண்ண இன்னொரு கும்பல் வரும். அதுவும் அங்கேயே கிடக்கும்."

"பந்திக்கு வந்தவங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க," என்றார் மாஸ்டர்.

"அதேதான். அந்த இடம் உள்ளுக்குள்ள கனன்றுகிட்டே இருக்கும். ஒரு கட்டி உருவாகும். அது மேல மெல்லிசா ஒரு மூடி. கனல் அடங்கலைன்னா மூடி நைஞ்சு ஒருநாள் கிழியும். கிழிஞ்ச இடத்துல ரத்தம் உறைஞ்சா அடைப்பு. உங்க அண்ணனுக்கு ஆனது அதுதான்."

மாஸ்டர் யோசிச்சாரு. "பிரிச்சு, கட்டியை எடுத்துட்டு, திரும்பத் தைச்சுட்டா?"

"கோட்டைக் கழட்டி மேஜைல போடலாம் மாஸ்டர். உங்களைப் போட முடியாது. இடுப்பு, பிரஷர், சர்க்கரை, ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி, நல்ல கொழுப்பு கம்மி. இந்த அஞ்சுல மூணு இருந்தாலே ஆபத்து. உங்களுக்கு நாலு."

"அஞ்சாவது?"

"நல்ல கொழுப்பு தப்பிச்சிருக்கு. சந்தோஷப்படாதீங்க. உடம்புல கனல் இருக்கான்னு பார்க்கிற டெஸ்ட்டும் ஏறி நிக்குது. தொப்பைக்குள்ள இருக்கிற கொழுப்பு சும்மா உக்காந்திருக்காது. அந்தக் கனலை ஊதி விட்டுக்கிட்டே இருக்கும். மாத்திரை எழுதறேன். மாத்திரையோட இடுப்பும் குறையணும்."

நர்ஸம்மா அளந்தாங்க. நாற்பத்திரண்டு. மாஸ்டர் அதை முப்பத்தெட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தாரு.

வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா தெளிவா சொல்லிட்டாங்க. "உங்க அண்ணி ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒரு நாற்காலில உக்காந்திருந்தாங்க. ராத்திரி பகல் அதே நாற்காலி. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம்."

"இப்போ என்ன பண்ணணுங்கற?"

"நடக்கணும். பேக்கரி பக்கம் போகக்கூடாது."

"போகாமலே குறைச்சுக் காட்டறேன். ஒரு மாசம். ரெண்டு அங்குலம்."

"எப்படி?"

"மன உறுதி."

"அது எந்தக் கடையில கிடைக்குது?"

"கிண்டல் பண்ணாத. ரெண்டு அங்குலம் குறைஞ்சா நடையைப் பத்தியும் பன்னைப் பத்தியும் நீ வாயே திறக்கக்கூடாது."

"சரி. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான் அளப்பேன். வீட்டு டேப்புல."

அந்த வீட்டு டேப்பு கதவுக்குப் பின்னால ஆணியில தொங்கும். பழைய பிளாஸ்டிக் டேப்பு. மாஸ்டரோட மன உறுதி அந்த டேப்புலதான் இருந்தது.

டேப்பு இழுபட்டு நீண்டு போனா அளவைக் குறைச்சுக் காட்டும். தொழில் ஆரம்பிக்கிற அன்னிக்கே சொல்லிக் குடுக்கிற பாடம், இழுத்த டேப்பைத் தூக்கிப் போடணும்னு. மாஸ்டர் அந்தப் பாடத்தைத் தலைகீழாப் படிச்சாரு. மத்தியானம் அந்தம்மா கண்ணயர்ற நேரம், டேப்பை வெந்நீர்ல முக்கி, ஒரு முனையைக் கொக்கியில மாட்டி, மறு முனையில இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தொங்க விட்டாரு. வாரத்துக்கு அரை அங்குலம். அவசரப்படலை. வயித்துல பொறுமை இல்லாத ஆளு, வஞ்சகத்துல அத்தனை பொறுமை.

முதல் ஞாயிறு நாற்பத்தொன்றரை.

"பரவாயில்லையே," என்றாங்க அந்தம்மா.

ரெண்டாவது ஞாயிறு நாற்பத்தொண்ணு. மூணாவது நாற்பதரை. நாலாவது ஞாயிறு நாற்பது. மாஸ்டர் பனியன்ல ஒட்டியிருந்த கேக் துகளைத் தட்டி விட்டுட்டு நெஞ்சை நிமித்தினாரு.

"பார்த்தியா?"

"பார்த்தேன். இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்." திறக்கலை. பேசாம எந்திரிச்சுப் போய் ஒரு அடுக்குத் துணியைக் கொண்டு வந்து முன்னால வெச்சாங்க. மாஸ்டரோட ஏழு பேண்டு.

"என்ன இது?"

"நேத்தே கணக்குப் போட்டு, ஏழையும் நாற்பதுக்குப் பிடிச்சுட்டேன். இளைச்ச ஆளு தொளதொளன்னு போட்டா கஸ்டமர் என்ன நினைப்பான்?"

மாஸ்டர் ஒண்ணைப் போட்டாரு. முழங்கால் வரைக்கும் மகிழ்ச்சியா வந்தது. அதுக்கு மேல வர அதுக்கே மனசில்லை. படுத்துக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு, பட்டனை மாட்டினாரு. எந்திரிக்கும்போது குரலே ஒரு கட்டை மேல ஏறியிருந்தது.

"எப்படி இருக்கு?"

"அச்சு... அசலா."

அந்தம்மா அந்தப் பக்கம் போனதும் பின்பக்கத் தையலைப் புரட்டினாரு. பிரிச்சு விட்டுக்கலாம்ல. அவர் வழக்கமா விடற துணி அங்கே இல்லை. ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடிச்சிருந்தாங்க. ஏழுலயும். புதுசா ஒரு பேண்டு தைக்கலாம். காஜா எடுக்க அந்தம்மாகிட்டதான் போகணும். நாற்பத்திரண்டு இடுப்புல யாருக்குங்க பேண்டுன்னு கேப்பாங்க. டேப்பை இழுத்தேன்னு சொல்லலாம். அதுக்கு அவர் வாயும் டைட்டா இருந்தது.

அன்னிக்குச் சாயங்காலமே ஒரு பட்டன் தெறிச்சு கஸ்டமரோட டீ கிளாஸ்ல விழுந்தது. "சர்க்கரை வேண்டாம்னு சொன்னேனே மாஸ்டர்," என்றான் அவன்.

அப்போதான் மாஸ்டர் அந்த விபரீத முடிவுக்கு வந்தாரு. இளைக்கிறதுன்னு.

ஊர்ல புருஷனுங்க பொண்டாட்டிக்குத் தெரியாம என்னென்னமோ பண்ணுவாங்க. மாஸ்டர் பொண்டாட்டிக்குத் தெரியாம வாக்கிங் போனாரு. விடிஞ்சதும் நூல் வாங்கறேன்னு கிளம்புவாரு. நூல் கடை ரெண்டு கட்டடம் தள்ளி. இவர் திரும்பி வர முக்கால் மணி நேரம்.

"என்னங்க இப்படி வேர்த்திருக்கு?"

"நூல் கடையில கூட்டம்."

அந்தம்மா வேற, திடீர்னு பாசம் காட்ட ஆரம்பிச்சாங்க. "இளைச்சே போயிட்டீங்க. இந்தாங்க, க்ரீம் பன்."

"பசிக்கலை."

"எனக்காக ஒரு வாய்."

மாஸ்டர் கண்ணு பன்னுல, கை பட்டன்ல. "வேண்டாம்மா," என்றாரு.

இதுல ஒரு கொடுமை. எவ்வளவு நடந்தாலும் பேண்டு இறுக்கம் விடலை. ஒரு வாரம் லேசாகும், அப்பாடான்னு இருக்கும், அடுத்த வாரம் பழையபடி பிடிக்கும். அளந்து பார்த்திருக்கலாம். ஊருக்கே அளவெடுக்கிற மனுஷன் தன் இடுப்புக்கு மட்டும் டேப்பு வைக்கப் பயந்தாரு. நாற்பத்திரண்டுன்னு காட்டிட்டா? பேசாம நடையில இன்னொரு சுத்து சேர்த்துக்கிட்டாரு. ராத்திரி சாப்பாட்டைப் பாதியாக்கினாரு. மாத்திரையை மட்டும் விடலை, அதாச்சும் வயித்துக்குள்ளே போகட்டும்னு.

மூணு மாசம் கழிச்சு மறுபடி டாக்டர். மாஸ்டர் போகும்போதே வியர்த்துக் கொட்டினாரு. ஆஸ்பத்திரி டேப்பு வெந்நீர் பார்த்ததில்லையே. இன்னியோட குட்டு உடைஞ்சதுன்னு கண்ணை மூடிக்கிட்டு நின்னாரு.

"முப்பத்தொன்பது," என்றாங்க நர்ஸம்மா.

"தப்பா இருக்கும். இன்னொரு தடவை பாருங்க."

இன்னொரு தடவையும் முப்பத்தொன்பது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினாங்க. "பிரஷர் இறங்கியிருக்கு. சர்க்கரை இறங்கியிருக்கு. கொழுப்பு பரவாயில்லை. கனல் டெஸ்ட்டு பாதிக்கும் கீழே. ஏற்கனவே இருக்கிற கட்டி கரைஞ்சு போயிடும்னு நினைக்காதீங்க. ஆனா மேல இருக்கிற மூடி கெட்டியாகும். கிழியற பயம் குறையும். மாத்திரையும் நடையும் தொடரட்டும்."

மாஸ்டர் காதுல பாதிதான் விழுந்தது. முப்பத்தொன்பது இடுப்புக்கு நாற்பது பேண்டு எப்படி இறுக்கும்? மெதுவா பக்கத்து நாற்காலிக்குத் திரும்பினாரு.

"இந்தப் பேண்டு எத்தனை?"

"முப்பத்தெட்டரை," என்றாங்க அந்தம்மா. "பேண்டு தளர்ந்து நீங்க சுலபமா நடக்க ஆரம்பிக்கும்போதெல்லாம் கால் அங்குலம் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

"அப்போ டேப்பு?"

"முதல் வாரமே தெரியும். நம்ம கட்டிங் மேஜை அகலம் முப்பத்தாறு அங்குலம், நீங்களே ஆள் வெச்சு செஞ்சது. அந்த டேப்புல அளந்தேன், முப்பத்தஞ்சரைதான் வந்தது. நாலாவது வாரம் முப்பத்தி நாலேகால். பாவம், அது பன்னே தின்னதில்லை, அதுவும் இளைச்சிருக்கு."

மாஸ்டர் வாயைத் திறந்தாரு. வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லை. மூடிட்டாரு.

டாக்டரம்மாவுக்கு இது எதுவும் புரியலை. பேனாவை எடுத்து வெச்சுக்கிட்டு ஆர்வமா கேட்டாங்க. "மூணே மாசத்துல மூணு அங்குலம். என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க மாஸ்டர், மத்த பேஷண்ட்டுக்கும் சொல்றேன்."

அந்தம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாங்க. பதில் சொல்ற வேலையை முழுசா இவர்கிட்டயே விட்டுட்டாங்க.

"இளைக்க வெச்சது இவங்க டாக்டர்," என்றாரு மாஸ்டர். "நான் டேப்பை மட்டும்தான் இழுத்தேன்."