முதுகுக்குப் பின்னால் ஓர் அறை

நாற்பது தாண்டிய ஒருவன் திடீரென்று வீரனாக முடிவு செய்தால் முதலில் கஷ்டப்படுவது அவன் பெண்டாட்டிதான் என்று சொல்வார்கள். பொய். முதலில் கஷ்டப்படுவது அவன் முதுகு.

என் வீரத்துக்குக் காரணம் எதிர் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், ஓட்டத்திலிருந்து இல்லை. தினமும் காலையில் அரை டிராயரோடு தெருவைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். தெருவே அவரைப் 'புயல்' என்றுதான் கூப்பிடும். புயல் எங்கள் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் என் மனைவி என் தொப்பையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு நாள் ரோஷம் வந்து கடைக்குப் போனேன். ஒரு நீளக் கம்பி, அதன் இரண்டு பக்கமும் மாட்ட இரும்பு வட்டுகள், அதைத் தாங்க ஒரு ஸ்டாண்டு, ஓடுவதற்கு ஷூ, எல்லாம் வாங்கி வந்து வீட்டின் கடைசி அறையில் இறக்கினேன்.

வம்பு அந்த அறையில்தான் ஆரம்பித்தது. என் மனைவி வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறாள். மெஷின் ஹாலில் இருக்கும். அளவு கொடுக்கப் பெண்கள் வந்தால் நான் பால்கனியில் போய் நிற்க வேண்டும். வெயிலானாலும் சரி, மழையானாலும் சரி. அந்தக் கடைசி அறையைத் தையல் அறையாக்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. எனக்கோ, இந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நான் நானாக இருக்க இருக்கும் ஒரே இடம் அது. அதுவும் போனால் எனக்கு மிஞ்சுவது பால்கனிதான்.

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டாள்.

"ஆயுசுக்கும்!"

"சரி. நீங்க ஓடற வரைக்கும், தூக்கற வரைக்கும் ரூம் உங்களோடது. என்னிக்கு விடறீங்களோ அன்னிக்கு என்னோடது. சம்மதமா?"

"சம்மதமாவா? எழுதியே தரேன்!"

"எழுத வேணாம். எதிர் வீட்டுக்காரர் சாட்சி. அது போதும்."

புயல் வாசலில் நின்று தலையை ஆட்டினார். மூச்சு கூட வாங்காமல் ஆட்டினார். அதிலேயே எனக்கு ரோஷம் இரட்டிப்பாயிற்று.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் ஓடினேன், சாயந்திரம் தூக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கம்பியைப் பிடித்த நேரம் பார்த்து என் மனைவி கையில் துணியோடு வாசலைக் கடந்தாள். பெண்டாட்டி பார்க்கும்போது ஒரு கணவன் வழக்கமான எடையைத் தூக்குவானா? பக்கத்துக்கு ஒரு வட்டு கூடுதலாக மாட்டினேன். குனிந்தேன். முதுகை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்து, ஒரு இழு.

கம்பி வரவில்லை. இடுப்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று மட்டும் 'சுளுக்' என்று வந்தது.

அதோடு விட்டேனா? விட்டால் ரூம் போய்விடுமே. மறுநாள் ஓடவும் போனேன். ஒவ்வொரு எட்டுக்கும் முதுகு என் வம்சத்தையே இழுத்துத் திட்டியது. பாதித் தெருவில் திரும்பி, சுவரைப் பிடித்தபடி வீட்டுக்குள் வந்து நின்றேன்.

"என்னங்க, ஏன் ஒரு மாதிரி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. யோசிக்கிறேன்."

"யோசிக்கிறதுக்கு எதுக்கு இடுப்பைப் பிடிக்கறீங்க?"

"ஆழமா யோசிக்கிறேன்."

"சரி, யோசிச்சுக்கிட்டே அந்த நூல்கண்டை எடுங்க. சோபாவுக்கு அடியில உருண்டு போச்சு."

"நூல் வாங்கற காசு இல்லையா நம்மகிட்ட? புதுசு வாங்கிக்கோ!"

என் தாராள மனசைப் பார்த்து அவள் அசந்துபோனாள் என்றுதான் நினைத்தேன். கீழே விழுந்ததை எல்லாம் கால் விரலால் எடுக்கக் கற்றுக்கொண்டேன். ஷூ நாடாவை அவிழ்க்கவே இல்லை. தும்மல் வந்தால் மட்டும் கடவுளே கதி.

இரண்டாம் நாள் புயல் என்னைப் படிக்கட்டில் பிடித்தார்.

"தம்பி, முதுகு பிடிச்சுக்கிச்சா?"

"உங்களுக்கு யார் சொன்னா?"

"படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிப் பிடிச்சுட்டு அழறீங்களே!"

"அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன். வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க. ரூம் போயிடும்."

"நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்? நமக்கு எதுக்கு வம்பு?" என்று சொல்லி ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனார். கண்டிப்பான அம்மா. உட்காரச் சொல்லவில்லை. ஒரு பேனாவைத் தரையில் போட்டார்.

"எடுங்க."

எடுத்தேன்.

"போதும், போதும்! ஒரு பேனாவையே இப்படித் தூக்கினா, இரும்பை எப்படித் தூக்கியிருப்பீங்க? கால் மரத்துப் போகுதா?"

"இல்ல டாக்டர். மனசுதான் மரத்துப் போச்சு."

காலைத் தூக்கிப் பார்த்தார். முதுகை அழுத்தினார். நான் கத்தியதைக் கேட்டு வெளியே காத்திருந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. சதைப்பிடிப்புதான். ஆனா படுத்துக் கிடந்தீங்கன்னா இன்னும் இறுகிப்போகும். கனத்தை விடுங்க, அசைவை விடாதீங்க. முட்டியும் கையும் தரையில ஊனி முதுகை மெதுவா மேல தூக்கி, மெதுவா இறக்கணும். அப்புறம் ஒரு கையை முன்னால நீட்டி, எதிர்ப்பக்கக் காலைப் பின்னால நீட்டணும். எதை எடுக்கக் குனிஞ்சாலும் இடுப்பைப் பின்னால தள்ளிக் குனியணும், முதுகு நேரா இருக்கணும். ரெண்டு கையிலயும் சம எடை தூக்கி நடங்க. முதல்ல கொஞ்சமா. ஓட்டம் இப்ப வேணாம், நடங்க. அப்புறம் சின்னச் சின்ன எட்டு வெச்சு ஓடலாம்."

வைத்தியம் சுலபம். செய்கிற இடம்தான் சிக்கல். நாலு காலில் நிற்கிற ஒருத்தன், உள்ளே வந்த மனைவியிடம் எனக்கு முதுகுவலி இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வான்?

வீடு வந்து சேர்வதற்குள் மூளை வேலை செய்துவிட்டது. மறுநாள் காலை ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஹாலின் நடுவே நாலு காலில் இறங்கினேன். முதுகை ஏற்றினேன், இறக்கினேன். கை தரையைத் துடைத்தது.

என் மனைவி வந்தாள். நின்றாள். பார்த்தாள்.

"என்னங்க இது?"

"ஏன், ஆம்பளை தரை துடைக்கக் கூடாதா? எந்தக் காலத்துல இருக்க நீ?"

உள்ளே போனாள். வாளியோடு வந்தாள்.

"பாதி வாளி போதும். முழுசா வேணாம்," என்றாள்.

எப்படி என் சாமர்த்தியம்! அன்றிலிருந்து சோபாவுக்கு அடியில் துடைக்கும் சாக்கில் ஒரு கையை முன்னால் நீட்டினேன், எதிர்க்காலைப் பின்னால் நீட்டினேன். சமையல்கட்டில் இருக்கும் வாஷிங் மெஷினில் துணி போடும்போது இடுப்பைப் பின்னால் தள்ளினேன். கடைக்குப் போய் இரண்டு கையிலும் சமமாகப் பை தூக்கி வந்தேன். என் மனைவி பாதி வாளியை முக்கால் வாளியாக்கினாள். முக்கால் முழுசாயிற்று. துணி மூட்டைகளைக் கடைசி அறை வாசலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். உள்ளே மட்டும் போகவில்லை. போனால், "எங்கே, தூக்குங்க பார்ப்போம்," என்று கேட்டுவிடுவாளே! 'நீ வெளியே போயிருந்தப்பவே தூக்கிட்டேன்' என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை.

பால்கனித் தொல்லையும் விட்டது. அளவு கொடுக்க வந்தவர்கள் நான் துடைப்பதைப் பார்த்து, ஈரத்தில் கால் படாமல் ஓரமாக நடந்து, என் மனைவியோடு உள்ளே போய்விடுவார்கள். அதில் ஒரு டீச்சரம்மா ரொம்ப மரியாதை. "அண்ணே, இங்க கால் வைக்கலாமா?" என்று கேட்டுத்தான் வருவார். ஹாலில் இருந்த தையல் மெஷினும் ஒரு நாள் காணவில்லை.

"மெஷின் எங்க?"

"சர்வீஸுக்குப் போயிருக்கு."

நல்லதாகப் போயிற்று, துடைக்க இடம் தாராளமாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல் ஒரு மனுஷனை எந்தத் தொழிற்சாலையில் செய்கிறார்களோ தெரியவில்லை.

ஆனால் ஒன்று, வலி போயிற்று. நிஜமாகவே போயிற்று. சின்ன எட்டு வைத்து தெருவை ஒரு சுற்று ஓடி வந்தேன். முதுகு வாயைத் திறக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் அம்மா பேனாவைப் போட்டார். இடுப்பைப் பின்னால் தள்ளி எடுத்தேன். "இனிமே வட்டு மாட்டாம வெறும் கம்பியைத் தூக்கலாம்," என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அறை பிழைத்தது!

நேராகப் புயலைக் கூப்பிட்டேன். "அண்ணே, சாட்சிக்கு வாங்க. இன்னிக்குத் தூக்கிக் காட்டறேன்."

"இப்பவேவா தம்பி?" என்று புயல் கொஞ்சம் பின்வாங்கினார். புயல் பின்வாங்கி நான் பார்த்ததே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசி அறைக் கதவைத் தள்ளினேன்.

ஜன்னலில் புதுத் திரை. சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. ஜன்னலோரம், சர்வீஸுக்குப் போயிருந்த மெஷின். ஸ்டாண்டின் மேல் என் கம்பி. கம்பி முழுக்க வரிசையாகக் கவுன்கள், சட்டைகள், ஒரு பள்ளிக்கூட யூனிபாரம். கண்ணாடி முன்னால் டீச்சரம்மா கையை விரித்து நிற்க, என் மனைவி டேப்பால் தோள் அளந்துகொண்டிருந்தாள்.

"மெஷினை யார் உள்ள தூக்கி வெச்சது?" என்று கத்தினேன்.

"நான்தான் தம்பி," என்றார் புயல், தரையைப் பார்த்தபடி. "இடுப்பைப் பின்னால தள்ளித்தான் தூக்கினேன்."

நான் மனைவி பக்கம் திரும்பினேன். "நம்ம ஒப்பந்தம் என்னாச்சு?"

"நீங்கதானே எக்சர்சைஸை விட்டுட்டீங்க?"

"யாரு விட்டா? ஒரு நாள்கூட விடல! தரை துடைச்சேனே, அது என்னன்னு நினைச்சே? எக்சர்சைஸ்! துணி போட்டேனே, எக்சர்சைஸ்! பை தூக்கினேனே, அத்தனையும் எக்சர்சைஸ்!" வெற்றி என் பக்கம். முதுகுவலி என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வராமல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்படியா?" என்றாள், வாயிலிருந்த குண்டூசியை எடுத்தபடி. "ஹால்ல பண்ணீங்க, சமையல்கட்டுல பண்ணீங்க, தெருவுல பண்ணீங்க. இந்த ரூமுக்குள்ள மட்டும் வரவே இல்ல. அப்புறம் உங்களுக்கு எதுக்குங்க ரூம்?"

சாட்சி சொல்வார் என்று புயலைப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில் காற்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா கண்ணாடியில் என்னைக் கவனித்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு என் மனைவியிடம் சொன்னார்:

"அக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க வீட்டுல வேலை செய்யற இந்த அண்ணன் என்ன சுத்தமா துடைக்கிறாரு! எங்க வீட்டுக்கும் வருவாரா?"

என் மனைவி என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"தாராளமா வருவாரு டீச்சர். கனமா மட்டும் எதுவும் தூக்கச் சொல்லாதீங்க. பாவம், இப்பத்தான் முதுகுவலி சரியாகியிருக்கு."