மாமாவின் படத்துக்கு ஒரு சட்டம்

இணையத்தில் கிடக்கும் படமெல்லாம் கோயில் பொங்கல் மாதிரி, கை நீட்டியவனுக்குச் சொந்தம் என்று நம்பித்தான் நான் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ தொழிலுக்கு வந்தேன். படித்தது ஒரு ஒன்லைன் கோர்ஸ். அதில் பதிப்புரிமை, தனியுரிமை என்று கடைசியில் ஒரு பாடம் இருந்தது. அன்றைக்குக் கரண்ட் இல்லை. (கரண்ட் இருந்தது. எனக்குத்தான் விருப்பம் இல்லை.)

முதல் வாடிக்கையாளர் என் சொந்த அக்கா. புதுக்குடியிருப்பில் மிளகாய்த்தூள் அரைத்து விற்பவள். கனடா, லண்டன் சனத்துக்கும் அனுப்ப ஆசைப்பட்டாள். விளம்பரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துத் தூள் வாங்க வந்த சிவபாலன் மாமா கதிரையில் இருந்து சிரித்தார். கேட்காமலே படம் எடுத்தேன். அவர் சொந்த மாமா இல்லை. அவருடைய மகள் தனுஜாவை எனக்குக் கேட்டு எங்கள் வீட்டார் அந்த வெள்ளிக்கிழமை போக இருந்தார்கள். படத்தைப் பார்த்தால் மனுசன் குளிர்ந்துபோவார் என்று நினைத்தேன்.

படத்துக்குச் சட்டம் தேடினேனே தவிர, சட்டத்துக்குப் பயப்படவில்லை. எங்கள் பக்கம் கலியாணக் கார்டைவிட மரண அறிவித்தலைத்தான் வடிவாகச் செய்வார்கள். கிளிநொச்சியில் யாரோ வடிவமைத்த ஒன்றை இறக்கினேன். நீள்வட்டச் சட்டம், சுற்றிவர வெள்ளைப் பூ, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ‘கண்ணீர் அஞ்சலி’யை அழித்தேன், திகதிகளை அழித்தேன், மாமாவைப் பொருத்தினேன். கீழே என் கற்பனை வளம்: “ஒருமுறை எங்கள் தூளைச் சாப்பிட்டார். இனி வேறு எதையும் தொடமாட்டார்.”

அதற்கும் கீழே பொடி எழுத்தில் இருந்த “தகவல்: குடும்பத்தினர்” என் கண்ணில் படவில்லை. ஓடர் எடுக்க என் போன் நம்பரையும் போட்டு, இரவே பேஸ்புக்கில் ஏற்றிவிட்டேன். வெளிநாட்டுச் சனத்தின் கண்ணில் முதலில் அதுதான் பட்டது.

விடிய மாமா வீட்டு வாசலில் கூட்டம். ஒப்பாரியைத் தொடங்கியிருந்த பக்கத்து வீட்டுக்காரி, மாமா பல்லுத் தீட்டிக்கொண்டு வெளியே வந்ததும், “எட, இருக்கிறியளோ?” என்றாவாம். (குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாகக் கேள்வி.) பந்தல்காரர் அளவெடுக்கவே வந்துவிட்டார்.

அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனபோது மாமி கொதித்துக்கொண்டிருந்தா.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு விளக்குக் கொளுத்தின பெடியனுக்கோ என்ர பிள்ளை?”

தனுஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு அழுகை வந்தது. அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கிளிநொச்சி வடிவமைப்பாளர்.

“தம்பி, என்ர டிசைனைக் களவெடுத்ததுக்கு உம்மில கேஸ் போடலாம். அது சரி, ஆள் எப்ப மோசம் போனவர்?”

“அவர் சாகேல்லை அண்ணை.”

“அப்ப ரெண்டு கேஸ்.”

நான் படிக்காமல் விட்ட பாடம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் முடிந்துவிட்டது.

அடுத்து மாமாவின் போன் அடித்தது. காணிச் சண்டையில் வருடக்கணக்காகக் கதைக்காத தம்பி, ரொறன்ரோவிலிருந்து.

“ஆர் கதைக்கிறது?”

“நான்தான்ரா.”

“அண்ணை! நீங்கள் செத்திட்டீங்களெல்லோ?”

அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் கதை இல்லை, அழுகைதான். மாமா கட்டியிருந்த சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன்.

“தம்பிக்காரன் கதைச்சிட்டான்,” என்றார். “வெள்ளிக்கிழமை வாங்கோ. அந்தப் போனை மட்டும் வீட்டில வைச்சிட்டு வாங்கோ.”

வடிவமைப்பாளரின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். கலியாணக் கார்டை அவரிடமே அடித்தோம். (குத்துவிளக்கு வேண்டாம் என்று மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டா.)

இப்போதும் புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, “மருமகனை எங்க பிடிச்சனீங்கள்?” என்று கேட்டால், மாமி மாமாவைக் காட்டுவா. அவர் பக்கத்தில் சோற்றைக் குழைத்துக்கொண்டிருப்பார்.

“இவற்ற செத்தவீட்டிலதான்.”