எழுபத்து நாலாம் வருடத்து இரண்டு கொடி

வாண்ட்ரூக்,
ஜூலை 23, 2024

டெரபூலில் வசிக்கும் மைத்துனர் கிளாரி ஹாக்கிங் அவர்களுக்கு, தங்கள் தங்கை பெரிலைக் கைப்பிடித்த மெர்வின் பாஸ்கோ எழுதிக்கொண்டது. இங்கே என் இடது முட்டியைத் தவிர அனைவரும் சௌக்கியம். அங்கே தங்கள் ஆடுகளும் தங்கள் இரத்த அழுத்தமும் ஏறாமல் இறங்காமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்.

மரியாதை இத்துடன் போதும், மச்சான். கிறிஸ்துமஸ் அன்று அந்தப் பழைய மேட்ச் பேச்சு வந்ததும் புட்டிங்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன் நீ. ஏழு மாதமாக ஒரு போன் கிடையாது. வருகிற ஆகஸ்ட் பத்தாம் தேதி சனிக்கிழமை எங்கள் கிளப்பில் 1974 ஃபுட்பால் இறுதிப் போட்டியின் ஐம்பதாம் ஆண்டு விருந்து. தோற்ற உங்கள் அணியையும் கூப்பிட்டிருக்கிறோம். "எங்க அண்ணன் வரலேன்னா நானும் வரல" என்று பெரில் சொல்லிவிட்டாள். உன் பேரை எடுத்தாலே அவளுக்குக் கண் கலங்குகிறது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த இறுதிப் போட்டியில் நடந்தது என்ன? எங்கள் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் கோல் நடுவரை ஆளுக்கொருவராக இரண்டு கிளப்பும் அனுப்புவது வழக்கம், எங்கள் பக்கம் அனுப்பப்பட்டவன் நான், வெள்ளைக் கோட்டுக்குள் இருபத்து நாலு வயது, நாங்கள் நாலு புள்ளி பின்னால், ஆட்டம் முடியும் சைரன் ஊதியாகிவிட்டது, ஆனால் பந்து எங்கள் வின்ஸ் ட்ரெலோர் கையில், கடைசி உதை அவனுக்கு, கோல் கம்பங்களுக்கு நடுவே கோட்டின்மேல் நீ குரங்கு மாதிரி எம்பிக்கொண்டு நிற்கிறாய், பந்து தொடப்படாமல் போனால் கோல், ஆறு புள்ளி, நான் காட்ட வேண்டியது இரண்டு விரல், இரண்டு கொடி, உன் விரல் நுனி பட்டாலும் ஒன்றே ஒன்று, ஒற்றை விரல், ஒற்றைக் கொடி, பந்து வந்தது, நீ எம்பினாய், நான் இரண்டு விரலை நீட்டி இரண்டு கொடியையும் ஆட்டினேன், கோப்பை எங்களுக்கு. இரண்டு வருடம் கழித்து உன் தங்கையும் எனக்கு. கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் பாக்கியில்லாமல் நீ ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். பார்க்கிறவர்கள் நான் கிரிக்கெட்டில் அவுட் ஆனதாக நினைக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் விருந்து ஏற்பாடு பேசக் கிளப்பில் கூடினோம். ஏற்பாட்டை யார் பேசினார்கள்? எல்லோரும் அந்த உதையைத்தான் பேசினார்கள். வின்ஸ் எழுந்து, "அறுபது மீட்டர்டா! எதிர்க்காத்து வேற!" என்றான். அன்றைக்கு அது முப்பது மீட்டர். வருடா வருடம் கோல் கம்பம் பின்னால் நகர்ந்துகொண்டே போகிறது. தலைவர் நெவில், "சேறு கணுக்கால் வரைக்கும்" என்றார். "சேறா? ஒரே புழுதி! விக்க வெச்ச பண்டத்து மேலெல்லாம் புழுதின்னு நான் மூடி வெச்சேன்" என்றாள் கான்டீன் தெல்மா. அந்தக் கான்டீனுக்கு ஒரே ஜன்னல், அதுவும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது. இருந்தாலும் பந்து உன் விரலுக்கு ஒரு முழம் மேலே போனதை அவள் கண்ணால் பார்த்தாளாம். நெவிலின் மகன் கோர்டனும் பார்த்தானாம். அவன் பிறந்தது எழுபத்து எட்டில்.

சேறு என்றும் புழுதி என்றும் அடித்துக்கொண்டவர்கள்கூட, கோல் என்பதில் ஒரே குரல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உனக்குச் சாட்சி ஒரே ஒரு விரல். ஆகவே பழைய கதையை மூட்டை கட்டிவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு வந்து சேர். ஆட்டிறைச்சி ரோஸ்ட் உண்டு.

ஆடுகளுக்கும் நாய்க்கும் என் விசாரிப்பு. உனக்கு ஆண்டவர் நீண்ட ஆயுளையும் தெளிந்த பார்வையையும் அருளட்டும்.

இப்படிக்கு, கொடி ஆட்டிய
மெர்வின்

பின்குறிப்பு: இதைப் பெரில் படித்துவிட்டாள். "இதுக்குப் பேரு அழைப்பா? மறுபடியும் மேட்ச் ஆடியிருக்கே. வியாழக்கிழமை நீ என்ன சொன்னேங்கிறதை எழுது" என்கிறாள். எழுத உட்கார்ந்ததும் பழைய வீம்பு வந்துவிட்டது, மன்னித்துவிடு. பந்து உன் விரலில் பட்டது, மச்சான். உன் சுண்டுவிரல் பின்னால் வளைந்ததை மூன்றடியில் நின்று பார்த்தேன். ஒற்றை விரலைத்தான் நீட்டப் போனேன். அதற்குள் மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை கார்களும் கோலுக்கு அடிக்கிற ஹாரனை அடிக்க ஆரம்பித்துவிட்டன, அதில் என் அப்பாவின் லாரியும் ஒன்று. விரல் இரண்டாகிவிட்டது. ஐம்பது வருடமாக நெஞ்சில் முள்.

வியாழக்கிழமை எழுந்து நின்று இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. தெல்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வயசாயிடுச்சு மெர்வ், ஞாபகம் பிசகுது" என்றான் வின்ஸ். "நீங்க நின்ன இடத்துலேர்ந்து சரியாத் தெரிஞ்சிருக்காது" என்றான் கோர்டன். வா, மச்சான். நான் சொல்வதை நம்ப இந்த உலகத்தில் உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.