விண்டோஸைத் தேடிய கண்காணிப்பாளர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நேற்றுதான் மாற்றிய என் மூக்குக்கண்ணாடி இப்போதே உடையட்டும்.

கண்காணிப்பாளர் வீட்டுக் கணினியில் விண்டோஸைக் காணவில்லை.

காலையில் இருந்தது. மனைவி முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில், "விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸ்னு இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுடுங்க மாமா, கம்ப்யூட்டர் பறக்கும்" என்று மைத்துனன் போனில் ஆசை காட்டினான். நிறுவும்போது திரை கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் படிக்காமலே 'ஆம்' என்றார். விண்ணப்பத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அலுவலகத்தில் அவர் வேலை.

"மச்சான், ஆரம்பத்துல எதைத் திறக்கணும்னு கேட்டு ரெண்டு வரி வருது. ரெண்டுலயும் லினக்ஸ்னுதான் இருக்கு. விண்டோஸ் எங்கடா?"

"ஒளிஞ்சிருக்கும். மெஷினை அணைச்சுப் போடுங்க. போட்டதும் எஃப் டூவை அழுத்திக்கிட்டே இருங்க. பயாஸ்னு அமைப்புத் திரை வரும். அதுல 'செக்யூர் பூட்'னு இருக்கறதை ஆஃப் பண்ணுங்க."

ஆஃப் செய்தார். அதே இரண்டு வரி.

"அப்போ பழைய முறைக்கு மாத்துங்க. லெகசின்னு இருக்கும்."

மாற்றினார். துவங்க எதுவுமே இல்லை என்றது கணினி. அவசரமாகப் பழையபடி வைத்தார். இரண்டு வரி திரும்பி வந்ததில் சொந்தக்காரர்களைப் பார்த்த மகிழ்ச்சி.

"டேய், உங்க அக்கா மொழிபெயர்த்த புத்தகம் முழுக்க இதுலதான்டா இருக்கு. நாளைக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பணும். வேற பிரதி கிடையாது."

"அது விண்டோஸ்ல பத்திரமா இருக்கும் மாமா. நீங்க பதற்றத்துல லினக்ஸை ரெண்டு தடவை போட்டிருக்கீங்க. ஒண்ணு தண்டம். அதை அழிச்சா விண்டோஸ் தலைகாட்டும்."

"எதை அழிக்க?"

"எது பெருசு?"

"கீழே இருக்கறது."

"அதையே அழிங்க. இடமாவது மிஞ்சும்."

அழித்தார். மறுபடி துவக்கினார். இப்போது இரண்டு வரியும் இல்லை. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வந்தது. ரெஸ்க்யூ என்றால் மீட்பு என்பது அவருக்குத் தெரியும். யார் வந்து மீட்பார்கள் என்று திரை சொல்லவில்லை.

"மச்சான்?"

மைத்துனனுக்கு அந்தப் பக்கம் திடீரென்று யாரோ காலிங் பெல் அடித்தார்கள்.

வாசலில் மனைவியின் செருப்புச் சத்தம். கண்காணிப்பாளர் எழுந்து திரையை முதுகால் மறைத்தார்.

"முடி நல்லா இருக்கு" என்றார்.

"என்ன உடைச்சீங்க?"

"உடைக்கல்லாம் இல்லம்மா. லினக்ஸ் போட்டேன், அது ரெண்டாப் போச்சு. பெரிய ஒண்ணை அழிச்சுட்டேன். உன் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகாது, அது விண்டோஸ்ல பத்திரமா இருக்கு. விண்டோஸ்தான் கொஞ்சம் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

மனைவி கைப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

"அதுல ஏதுங்க விண்டோஸ்? போன வருஷமே நான் லினக்ஸுக்கு மாத்திட்டேன். நீங்க மிரளக் கூடாதேன்னு அது மேல விண்டோஸ் முகத்தை மாட்டி வெச்சிருந்தேன்."