பஞ்சாட்சரம் சாரின் சிடி

"வகுப்புல நீங்க வாயே திறக்கக் கூடாது சார். அதான் திட்டமே" என்றார் பிரின்ஸிபால் பூவராகவன்.

பஞ்சாட்சரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. காஞ்சிபுரத்துத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர். மனைவி சங்கரி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லை. டிவியையும் விற்றுவிட்டார். மிச்சமிருந்த ஒரே பேச்சு வகுப்பில்தான்.

"பேசாம எப்படி சார் பாடம் நடத்துறது?"

"கேமரா முன்னால பேசிடுங்க. சிடில ஏத்திக் குடுத்துடுவோம். பசங்க வீட்ல பாத்துட்டு வருவானுங்க. இங்க அவனுங்களே யோசிச்சு அவனுங்களே செய்யணும். கேள்வி கேட்டா மட்டும் நீங்க பேசலாம்."

மேலிடத்துத் திட்டம் எதுவானாலும் வேலை செய்கிறவன் வாயைத்தான் முதலில் கட்டும்.

முதல் சிடி பையன்கள் கைக்குப் போயிற்று. மறுநாள் பையன்கள் மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குள் வழக்காடினார்கள். பஞ்சாட்சரம் ஸ்டூலில் காத்திருந்தார்.

"டேய், சாரைக் கேக்கலாமா?"

"வேணாம்டா. பாவம், உக்காந்துக்கினு இருக்கட்டும்."

தெளிவாகச் சொன்னதுதான் தப்பு என்று அடுத்த சிடியில் பாதிப் பாடத்தை விழுங்கினார். பையன்கள் பழைய மோட்டாரைப் பிரித்து மீதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்கடுத்ததில் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார். படுபாவிகள் சரியாகக் கட்டி, ஓட்டியும் காட்டினார்கள்.

பூவராகவன் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பசங்க சொந்தமா யோசிக்கிறானுங்க சார்! என்ன சார் பண்றீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலீங்க."

"அதான் சார் வேணும்! அப்படியே இருங்க."

அன்று சாயங்காலம் வயிற்றெரிச்சலோடு கேமரா முன் உட்கார்ந்தார். பாடமே எடுக்கவில்லை. சங்கரியைப் பற்றிப் பேசினார். சரி பண்ணித் தருகிறேன் என்று வீட்டு மிக்ஸியைப் பிரித்துப்போட்டது, ஊரான் மோட்டாரையெல்லாம் ஓட வைத்துவிட்டு அதை மட்டும் கிடப்பில் போட்டது, அவள் கோபத்தில் பேச்சை நிறுத்தியது, முதுகைக் காட்டிக்கொண்டு அம்மியில் அரைத்தது. அதற்கு மேல் சொல்லாமல் பட்டென்று கேமராவை அணைத்துவிட்டார்.

இதற்காவது ஒருத்தன், "என்ன சார் இது?" என்று கேட்காமலா போவான்?

ஒரு நாள் விட்டு வகுப்பு. பையன்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் கம்பி சுற்றினார்கள்.

"டேய் தினகரா, சிடி பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

புளுகு. ஒருத்தனும் பார்க்கவில்லை. தான் பேசியதெல்லாம் பெட்டிக்குள் கிடக்கிறது. பஞ்சாட்சரம் நேரே பிரின்ஸிபாலிடம் போய், "சிடி கிடியெல்லாம் இனிமே என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்தார்.

கதவு தட்டும் சத்தம். கேபிள் டிவிக்காரன் கண்ணாயிரம் நின்றான்.

"என் வீட்ல டிவியே இல்லியேப்பா. எதுக்கு வந்த?"

"பசங்க வீட்ல சிடி ப்ளேயர் ஏது சார்? என்னாண்ட குடுத்தானுங்க, நான்தான் தினம் கேபிள்ல போட்டுக்கினு இருக்கேன். நேத்துலேருந்து நம்ம பிள்ளையார்பாளையமே ஃபோன் மேல ஃபோன் பண்ணிக் கேக்குது, கடைசில அந்தம்மாவுக்கு மிக்ஸிய மாட்டிக் குடுத்தீங்களா, இல்லியா?"