அடுப்பண்ணை தீவுக்குப் போனார்

சுவிற்சர்லாந்தில் அடுப்பண்ணை பாதிவழியில் இறங்கித் திரும்பாத ரயில் பாதை என்று ஒன்று கிடையாது. ஆராவில் கல்யாணம் என்றால் சூரிச்சில் இறங்குவார். எங்கடின் பள்ளத்தாக்குக்குப் பனி பார்க்கப் போனால், பனி கண்ணில் படும் நேரம் பார்த்து இறங்குவார். காரணம் எப்போதும் ஒன்றுதான்.

"தம்பி, அடுப்பை நிப்பாட்டினனானோ?"

வின்டர்தூரில் எங்கள் கட்டடத்தில் அவர் கீழ்வீடு, நான் மேல்வீடு. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. அங்கே வரிசையாக அடுப்புகள் எரியும்; அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. வீட்டு அடுப்புத்தான் மனிதரைப் போட்டு ஆட்டியது. ஆராவ் கல்யாணத்துக்கு இரண்டாவது முறை புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாழ்த்த மணமக்கள் இல்லாததால், கதிரை அடுக்கியவர்களை வாழ்த்திவிட்டு மிச்ச வடையைத் தின்றுவிட்டு வந்தார்.

ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவி பவானி அக்காவும் பேசாமல் கூடவே இறங்குவார். அப்படிப்பட்டவர் அறுபது வயதில் வாய் திறந்தார். மலையும் ஏரியும் பார்த்தது போதும், வாழைமரம் நிற்கிற கடற்கரை ஒன்றில் ஒருதடவையாவது கால் நனைக்க வேண்டுமாம். அக்காவோடு வேலை செய்யும் போர்த்துக்கேயப் பெண் மதெய்ரா தீவுக்காரி. தீவின் தலைநகரான ஃபுன்ஷாலின் படங்களைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தாள்.

"இந்தமுறை நீங்கள் இறங்கினால் இறங்குங்கோ. நான் போவன்" என்றார் அக்கா. பிடித்து இழுக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

சூரிச் விமான நிலையச் சோதனையில் அண்ணையின் தட்டில் இடுப்புப்பட்டி, கைத்தொலைபேசி, அவற்றோடு கறுப்பாகச் சில குமிழ்கள். வீட்டு அடுப்பைத் திருகுகிற குமிழ்களையே கழற்றிக்கொண்டு வந்திருந்தார்! அதிகாரி ஒன்றை எடுத்து, என்ன இது என்றார்.

"மைன் ஹேர்ட்" என்றார் அண்ணை கம்பீரமாக. என்னுடைய அடுப்பு.

மிச்ச அடுப்பு எங்கே என்று அதிகாரி பின்னால் எட்டிப் பார்த்தார்.

"குமிழ் என்ரை பொக்கற்றுக்கை. இனி ஆர் அடுப்பைப் போடுறது, சொல்லு பாப்பம்?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

ஃபுன்ஷாலில் இரண்டு நாள் அவர் புதுமாப்பிள்ளை. செங்குத்தான தெரு, சிவப்பு ஓடு, கொல்லைக்குக் கொல்லை வாழை. சந்தையில் பழக்காரியோடு தமிழிலேயே வாயாடினார். மேட்டிலிருந்து பிரம்புக் கூடை வண்டியில் இறங்கினோம். சில்லுக் கிடையாது, வைக்கோல் தொப்பிக்காரர் இருவர் பின்னால் நின்று தெருவோடு சறுக்கிக்கொண்டு போகிறார்கள். நான் கண்ணை மூடினேன். அக்கா கூவினார். அண்ணை பொக்கற்றைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் வழிகாட்டிப் பெண் ஒருத்தி வந்து காரியத்தைக் கெடுத்தாள். தீவு முழுவதும் எரிமலை கக்கி உண்டானது என்றாள்.

அண்ணை நின்றுவிட்டார். "கீழ இப்பவும் எரியுதோ எண்டு கேள், தம்பி."

ஆயிரக்கணக்கான வருடங்களாக உறங்குகிறது என்றாள்.

"உறங்குதோ, அணைஞ்சு நூர்ந்திட்டுதோ? ஆர் இறங்கிப் பாத்தது?"

விடுதிக்குப் போய்ப் பெட்டி அடுக்கினார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கடலில் கால் வைப்பதைக் கடைசிக்கென்று மிச்சம் வைத்திருந்தார் பாவம். "நீங்கள் போங்கோ" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கரைக்கு நடந்தார்.

நல்லவேளை, காற்றுக் கிளம்பியது. அந்தத் தீவில் பலத்த காற்றென்றால் விமானம் ஏறாது, இறங்காது. திரும்பிப் போக வழியில்லாமல் அண்ணை முதல் தடவையாக அகப்பட்டுக்கொண்டார். வேறு வழியின்றி அக்காவைத் தேடிக்கொண்டு கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

கரையெல்லாம் கறுத்தக் கல். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கணுக்கால் தண்ணீரில் நின்றார். அண்ணை ஈரம் படாத தூரத்தில் நின்று மெதுவாகச் சொன்னார்:

"ஊரிலை ஷெல் விழேக்கை, அடுப்பை நூர்த்திட்டு வாறன் எண்டு திரும்பினாய். நான் விடேல்லை. கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினன். பிறகு வீடு எரிஞ்சு கிடந்தது. ஷெல்லாலையோ, எங்கட அடுப்பாலையோ எண்டு இண்டைக்கும் தெரியேல்லை."

இத்தனை வருடம் சிரித்திருக்கிறோமே!

அக்கா திரும்பிப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, இதுக்கோ இவ்வளவு நாளும் இறங்கினனியள்? அண்டைக்கு விறகு நனைஞ்சு அடுப்பே மூட்டேல்லை. நான் திரும்பினது தோடு எடுக்க. அடுப்பெண்டு சொன்னால் விடுவியள் எண்டு நினைச்சன்."

அண்ணை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கிப் போய் அக்காவின் பக்கத்தில் நின்றார்.

இப்போது குமிழ்கள் அடுப்பிலேயே இருக்கின்றன. எங்கே போனாலும் இருவரும் வீட்டுச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போகிறார்கள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற. அடுப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய ரயில் புறப்பட்டிருக்கும் என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலே நான் படியிறங்கிப் போய் அந்த அடுப்பை ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.