அரைக் குவளை அதிகம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மாமியாரும் எங்களோடு இருக்கும் என் அக்காவும் சுகமாகத்தான் இருக்கிறோம். உங்கள் சுகத்தை விசாரிக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. உங்கள் குறிப்பேட்டின் பதினேழாம் பக்கத்து அட்டவணையில் மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே மரபணுப் பங்கு பூஜ்யம் என்று போட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் பழக்க தோஷம், விசாரித்துவிடுகிறேன். போனில் பேசியிருக்கலாம். போனில் நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

உங்கள் மனைவி இங்கே வந்து இன்றோடு பத்தொன்பது நாள். வந்த அன்று நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்தால் மாற்றுத் துணி இரண்டே இரண்டு, அதன்மேல் மனிதனுக்கு ஒழுக்கமும் தெய்வ நம்பிக்கையும் பரிணாமத்தில் எப்படி வந்தன என்று நீங்கள் கல்லூரியில் நடத்தும் பாடத்தின் குறிப்பேடு. கோபத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டாளாம். நான்காம் நாள்தான் விஷயம் வெளியே வந்தது. இரவுச் சாப்பாட்டின்போது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டாளாம்: "நமக்கு ஒரு குழந்தை பிறந்தா அதுமேல உங்களுக்கு எவ்வளவு பாசம் இருக்கும்?" நீங்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "பாதி" என்றீர்களாம். குழந்தையின் மரபணுவில் பாதிதான் உங்களுடையது, பங்கு எவ்வளவோ பாசமும் அவ்வளவே என்று முக்கால் மணி நேரம் விளக்கினீர்களாம். ஏதோ பேச்சுக்குக் கேட்ட கேள்விக்கு இவ்வளவு கோபம் ஆகாதும்மா, படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் உங்கள் பக்கமே நின்றேன். அதை நீங்கள் மறக்கக்கூடாது.

நின்றதற்குத்தான் அனுபவிக்கிறேன். "அப்போ அவர் சொல்றது சரின்னு நீங்களும் ஒத்துக்கிறீங்க. நல்லது, அதன்படியே நடப்போம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினேழாம் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். நான் முப்பத்தொரு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து, கடை கடையாய்த் தராசையும் படியையும் சோதித்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாபகார்த்தமாக வைத்திருக்கும் என் முத்திரைக் குவளையையே பரணிலிருந்து இறக்கி, காலையில் காய்ச்சிய பாலை அதில் அளக்கிறாள். தனக்கு ஒன்று, பெற்றவர்கள் ஆளுக்கு அரை, அத்தைக்கு, அதாவது என் அக்காவுக்கு, கால். அக்கா அந்தக் கால் குவளையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், இவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய கை கால் பங்குக் கையா என்று கேட்டாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து தனக்கென்று ஒரு பால் பாக்கெட் தனியாக வாங்குகிறாள். அதை ஃபிரிட்ஜில்கூட வைப்பதில்லை, தன் அறை ஜன்னலோரம் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்க விடுகிறாள்.

உங்கள் மாமியாருக்கு மட்டும் அந்த அட்டவணை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. கணவன், மனைவி: பூஜ்யம் என்று இருக்கிறதல்லவா, அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "முப்பத்தாறு வருஷமா நான் சொன்னதை இப்பத்தான் ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்" என்றாள். அன்றிலிருந்து என் மூக்குக் கண்ணாடியை நானேதான் தேடிக்கொள்கிறேன். சாமி கும்பிடுகிற விஷயத்தில் மட்டும் உங்கள் குறிப்பேடு அவளிடம் பலிக்கவில்லை. புதர் அசைந்ததும் புலி என்று ஓடியவன் பிழைத்தான், காற்று என்று நின்றவன் சிலசமயம் பிழைக்கவில்லை, நாமெல்லாம் ஓடியவனின் வாரிசுகள், அதனால்தான் யாரோ இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது என்று மகள் வாசித்துக் காட்டினாள். உங்கள் மாமியார் கண்ணைத் திறக்காமலே, ஓடியவள் கெட்டிக்காரி என்று நீங்களே சொல்லும்போது நான் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு மிச்ச வேண்டுதலை முடித்தாள்.

நான் உங்கள் பாடத்தைக் குறை சொல்லவில்லை. யாரோ மேலிருந்து பார்க்கிறார் என்ற நினைப்பு இருந்ததால்தான் முன்பின் தெரியாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து வாழ முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் ஜீப் சத்தம் கேட்ட நாளில் மார்க்கெட்டில் ஒரு தராசும் தப்பாது. கடவுளை லீவே எடுக்காத ஆய்வாளர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மார்க்கெட் கடைசியில் ஒரு ஆணிக் கடைக்காரர் இருந்தார், சாமி பூதம் எதுவும் கிடையாது, சந்துக்குள் இருந்ததால் ஜீப் சத்தமும் அவர் காதில் விழாது, நான் எத்தனை தரம் திடீரென்று போய் நின்றாலும் எடை சரியாகவே இருக்கும். ஏனய்யா இப்படி என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன். "கை பழகிப்போச்சு சார்" என்றார். அந்தக் கை எத்தனை தலைமுறையாய்ப் பழகியது என்பதுதான் உங்கள் பாடம் என்று இப்போது புரிகிறது.

புரிந்து என்ன பிரயோஜனம், வீட்டில் தண்ணீர் நின்றுவிட்டது. மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் காலை ஆறு மணிக்கு மோட்டார் போடுவார், நான் படித்து முடித்த பேப்பரைப் பத்து மணிக்கு அவருக்குக் கொடுப்பேன், ஒன்பது வருஷமாக இதுதான் ஏற்பாடு. அவருக்கும் நமக்கும் பூஜ்யம் என்று மகள் பேப்பரை நிறுத்தினாள், அவர் மோட்டாரை நிறுத்தினார். இது தெரியாமல் நான் குளியலறையில் தலை முழுக்க சோப்பு நுரையோடு நிற்கிறேன், குழாயில் காற்றுதான் வருகிறது. கூப்பிட்டேன். மனைவி பூஜ்யத்தில் இருந்தாள், அக்கா கால் பங்கில் கதவைச் சாத்தியிருந்தாள், மகள் கடைக்குப் போயிருந்தாள். கடைசியில் பிடித்து வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரோடு வந்தது அந்த டிரைவர்தான். "என்னைப் பூஜ்யம்னு ஒட்டி வெச்சிருக்கீங்களாமே. பரவாயில்ல சார், கண்ணை மூடிக்கோங்க" என்று தலையில் ஊற்றினார். பேப்பருக்காகத்தான் வந்திருப்பார் என்று உங்கள் குறிப்பேடு சொல்லும். சரி, பேப்பரும் கேட்டார். ஆனால் நான் கேட்காமலே மறுபடி மாடியேறி இன்னொரு வாளி கொண்டுவந்தார். அந்த இரண்டாவது வாளி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அளவில் மோசடி நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தனக்கு ஒன்று என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவள், தினமும் ஒன்றரைக் குவளை எடுத்துக்கொள்கிறாள். சந்தேகப்பட்டு அவள் டம்ளரில் ஊற்றியதைத் திருப்பி அளந்தேன், துல்லியமாக ஒன்றரை. நேற்றும் ஒன்றரை, இன்றும் ஒன்றரை. சுயநலத்துக்கு நீங்கள் ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறீர்கள், இருந்தாலும் என் மகள் இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை, சொல்லப்போனால் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே நீங்கள் வரும் ஞாயிறன்று கட்டாயம் புறப்பட்டு வந்து, உங்கள் பாடம் தப்பு என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, அந்தத் தாளை உங்கள் கையாலேயே கிழித்துப்போட்டு, மனைவியை அழைத்துப்போக வேண்டும். வராவிட்டால் அவள் இங்கேயே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அவளுடைய நாற்காலி காலியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். இதில் பங்கு எதுவும் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
பூஜ்யப் பங்குள்ள மாமனார்

பி.கு.: நேற்று ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். வரவும் வேண்டாம், பாடம் தப்பு என்று சொல்லவும் வேண்டாம், முக்கியமாகத் தாளைக் கிழிக்கவே கூடாது. இன்று காலை முத்திரைக் குவளையும் கையுமாக நின்று, இந்த அரைக் குவளைக்குப் பதில் சொல்லு என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் பேனாவை எடுத்து, அட்டவணையில் தான்: ஒன்று என்ற வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினாள். வரப்போவது: பாதி. முதலில் புரிந்துகொண்டது உங்கள் மாமியார். அக்கா தன் அறையிலிருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து மொத்தத்தையும் அவள் டம்ளரில் அளக்காமல் ஊற்றினாள், டம்ளர் நிரம்பித் தரையெல்லாம் பால். முப்பத்தொரு வருஷத்தில் சரியான அளவைத் தப்பென்று நான் எழுதியது இதுதான் முதல் தடவை. அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். ஞாயிறு காலை வண்டியில் அங்கே வருகிறாள், அவளே சொல்வதாக இருக்கிறாள், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும், யோசிக்க உங்களுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அதே கேள்வியை அவள் மறுபடி கேட்பாள். பாதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.